பச்சை வாந்திக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவே: கேள்வி பதில்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே குறைபாட்டோடு பிறந்த இரண்டு குழந்தைகளில், பிறந்த ஊரைப் பொறுத்து ஒன்று பிழைப்பதையும் மற்றொன்று இறப்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அது தொடர்பாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தங்கையின் குழந்தை பிறந்து மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி எடுத்தது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பொள்ளாச்சிக்கு இறங்கிப் போவதற்குள் மிகவும் தாமதமாகிவிட்டது. எதைப் பார்த்தால் உடனே கிளம்ப வேண்டும்? (வால்பாறை)

பதில்: உங்கள் வீட்டுக்கு நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன். குழந்தை கக்கும் பால் வெள்ளையாகவோ தயிர்போல் திரிந்தோ இருந்தால், பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. இலைச் சாறுபோல் பச்சையாக வந்தால், அது பித்தநீர். குடல் எங்கோ அடைபட்டிருக்கலாம். பச்சை வாந்தி எடுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவை தேவைப்படாது. ஆனாலும், வேறு காரணம் என்று உறுதிப்படும் வரை அதைக் குடல் முறுக்கு என்றே கொள்ள வேண்டும். ஏனென்றால், முறுக்கிய குடலுக்கு ரத்தம் போவது நின்றால் சில மணி நேரத்தில் அது அழுகிவிடும். முழுக் குடலும் அழுகிய குழந்தைக்கு எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டிய ஊரில், காலை வரை பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தக் குழந்தைக்கு இருக்கும் நேரத்தை அந்த ஒரு சொல்லே தின்றுவிடுகிறது. ஆகவே ஒரு முறை பச்சையாக வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். வாந்தி பட்ட துணியைத் துவைத்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கறையைக் காட்டினால், வாயால் விளக்குவதைவிட மருத்துவருக்கு விரைவில் புரியும்.

கேள்வி: நான்கு மாத மகனுக்கு ஒரு விதை விதைப்பைக்குள் இறங்கவில்லை. ஐந்து வயது வரை பொறுக்கலாம் என்கிறார்கள். (தருமபுரி)

பதில்: பொறுக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தானாக இறங்கக்கூடும். அதன் பின்னும் இறங்காவிட்டால் ஒரு வயதுக்குள், மிஞ்சினால் ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிட வேண்டும்.

கேள்வி: மலைக் கிராமத் துணை சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். குறைபாட்டோடு பிறந்த குழந்தையை அனுப்பும் முன் நான் என்ன செய்ய வேண்டும்? (கொல்லிமலை)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை ஊரிலிருந்து, வயிற்றுச் சுவரில் துளையோடு குடல் வெளியே கிடக்கப் பிறந்த ஆண் குழந்தை ஒன்றை எங்களிடம் கொண்டு வந்தார்கள். குடல் காயக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் யாரோ ஈரத் துண்டால் சுற்றியிருந்தார்கள். வழியெல்லாம் காற்றுப் பட்டு அந்த ஈரம் குளிர்ந்துபோய், துண்டைப் பிரித்தபோது குழந்தையின் வயிறும் தொடையும் கிணற்றுக் கல்போல் சில்லிட்டிருந்தன. உடல் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ். பாட்டியின் கையிலிருந்த கடிதத்தில் "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்ற ஒரே வரி இருந்தது. பிறந்த நேரமோ, கொடுத்த ஊசியோ, வயிற்றுக்குள் குழாய் போட்டார்களா என்பதோ அதில் இல்லை. அறுவை சரியாகவே நடந்தது. மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. கத்தி படுவதற்கு முன்பே வழியில் நேர்ந்த குளிர்தான் அதை வீழ்த்தியது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆகவே முதலில் சூடு. வெளியே குடல் இல்லாத குழந்தை என்றால், தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டி, தலைக்குக் குல்லாய் போட்டு அனுப்புங்கள். அடுத்து, வயிற்றைக் காலி செய்வது: வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ குழாய் செலுத்தி, அதன் முனையைத் திறந்து வைத்து, வழியில் அவ்வப்போது சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும். இல்லையென்றால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். வாயில் நுரை தள்ளிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கு உணவுக்குழாய் அடைபட்டிருக்கலாம்; தலைப் பக்கத்தை உயர்த்தி வையுங்கள். அதற்குச் சேனை தொட்டு வைக்க வீட்டார் கேட்டால், தயவுசெய்து உறுதியாக மறுத்துவிடுங்கள். மலத்துவாரம் இருக்கிறதா என்று ஒவ்வொரு குழந்தைக்கும் பார்த்து எழுதி வைக்க வேண்டும். வைட்டமின் கே போட்ட நேரத்தைக் குறியுங்கள். புறப்படும் முன், போய்ச் சேரும் மருத்துவமனையின் பணி மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். 108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி ஊர்திகள் உண்டு, கேட்டால்தான் வரும்.

கேள்வி: காப்பீட்டு அட்டை இருந்தால் செலவே இருக்காதா? (ராமநாதபுரம்)

பதில்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிதும் உதவுகிறது. பேருந்துக் கட்டணம், உடன் இருப்பவரின் சாப்பாடு, இழந்த கூலி ஆகியவற்றை எந்த அட்டையும் தருவதில்லை. தொலைவில் இருப்பவர்கள் பாதியில் சிகிச்சையை விடுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

கேள்வி: 45 நாள் குழந்தைக்கு மஞ்சள் குறையவில்லை. வெயிலில் காட்டச் சொன்னார்கள். (அரியலூர்)

பதில்: மலத்தின் நிறத்தைப் பாருங்கள். சுண்ணாம்புபோல் வெளுத்தும், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை படியும்படியும் இருந்தால், பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன் கிடைக்கும். வெயிலை விட்டுவிட்டு நாளைக் காலையே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: பத்து நாள் குழந்தை பச்சை கலந்த மஞ்சளாக வாந்தி எடுக்கிறது. கிரைப் வாட்டர் கொடுக்கலாமா? (திருவண்ணாமலை)

பதில்: கொடுக்கக் கூடாது. முதல் பதிலைப் படியுங்கள், படித்துக்கொண்டே கிளம்புங்கள்.

கேள்வி: நான் ஒரு தாலுகா மருத்துவமனைப் பொது அறுவைச் சிகிச்சை மருத்துவர். எல்லாரையும் கிளம்பச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் ஒரு குழந்தைகள் அறுவை நிபுணரை நியமித்தால் இந்த அலைச்சல் தீராதா? (கிருஷ்ணகிரி)

பதில்: தீராது என்றே நினைக்கிறேன். உணவுக்குழாய் அடைப்பு ஏறத்தாழ 4,000 பிறப்புக்கு ஒன்று. ஆண்டுக்கு 20,000 குழந்தைகள் பிறக்கும் மாவட்டத்தில் ஐந்து பேர் வருவார்கள். ஆண்டுக்கு ஐந்து முறை மட்டும் அந்த அறுவையைச் செய்பவருக்குக் கை பழகாது; அதைவிட முக்கியமாக, அறுவைக்குப் பின் இரவெல்லாம் பார்க்கும் செவிலியருக்குக் கண் பழகாது. பச்சிளங்குழந்தைகளை ஓர் இடத்தில் சேர்ப்பதே உயிர் காக்கும். குடலிறக்கம், விதை இறங்காமை, குடல்வால் அழற்சி, சீழ்க்கட்டி போன்றவை வேறு. அவற்றை உங்களைப் போன்றவர்களே பக்கத்தில் செய்ய வேண்டும்.

மீண்டும் கிருஷ்ணகிரி மருத்துவர்: நான் செய்யத் தயார். சென்ற ஆண்டு விதை முறுக்கோடு ஒரு சிறுவன் வந்தான். ஆறு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் சிறு பிள்ளைக்கு மயக்கம் கொடுக்க முடியாது என்று மயக்க மருத்துவர் சொல்லிவிட்டார். அனுப்பினேன்; விதையை எடுக்க வேண்டியதாயிற்று.

பதில்: நீங்கள் சொல்வதுதான் பூட்டு இருக்கும் இடம். அறுவை மருத்துவரை நியமித்துவிட்டால் போதும் என்று நிர்வாகம் நினைக்கிறது; சிறு குழந்தைக்கு மயக்கம் கொடுக்கப் பழகியவர் இல்லாத அரங்கு, சாவி இல்லாத வீடுதான். மாவட்ட மயக்க மருத்துவர்களைச் சுழற்சி முறையில் மூன்று மாதம் குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினால் நிறைய மாறும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த உலக அறுவைச் சிகிச்சை ஆணையம், சிசேரியன், வயிற்று அறுவை, திறந்த எலும்பு முறிவுச் சிகிச்சை ஆகிய மூன்றும் இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தது. அந்தக் கணக்கில் உங்கள் மருத்துவமனை தேறிவிடும். ஆனால் பெரியவருக்கு வயிற்றைத் திறக்கும் இடம், இரண்டு கிலோ குழந்தைக்கு வயிற்றைத் திறக்கும் இடமாகிவிடாது. அந்த அளவுகோலில் தேறியதாக வரைபடத்தில் பச்சை வண்ணம் பூசிய பல ஊர்கள் குழந்தைகளுக்கு இன்னும் சிவப்புதான்.

கேள்வி: மலக்குடல் வாயில்லாமல் பிறந்த மகளுக்காக ஊட்டி ஏறி, மேட்டுப்பாளையம் இறங்கி எத்தனை முறை கோவை போனோம் என்று எனக்குத்தான் தெரியும். எங்களுக்குக் கோழிக்கோடு பக்கம். ஆனால் அது வேறு மாநிலம். ஓர் இடத்தில் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதுவது, தொலைவை எங்கள் தலையில் வைப்பதாகாதா? (கூடலூர்)

பதில்: ஆகும். என் பதிலில் ஒரு பாதியை விட்டுவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். உங்கள் மகளின் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் வயிற்றில் மலம் போகும் வழி வைக்க ஒன்று, மலவாய் அமைக்க ஒன்று, வயிற்றுத் திறப்பை மூட ஒன்று என மூன்று அறுவைகள் ஆகும். மலவாய் அமைத்த பின் மாதக்கணக்கில் அதை விரித்துக்கொண்டும் இருக்க வேண்டும். அந்த மூன்று அறுவைகளுக்கு நீங்கள் மலை இறங்குவது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். விரிப்பதைச் சரிபார்க்கவும், தையல் பிரிக்கவும், தோல் புண்ணுக்கு மருந்து வாங்கவும் இறங்க வைப்பது எங்கள் துறையின் தவறு. மாதம் ஒரு நாள் நாங்கள்தான் மேலே ஏறி வர வேண்டும். மாநில எல்லையும் குழந்தையின் வழியில் நிற்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருந்தாலும் அரசுகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மற்ற நாடுகளில் எப்படி? (சென்னை)

பதில்: 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. பிறவியிலேயே உணவுப் பாதையில் குறைபாடுள்ள குழந்தைகளில், ஏழை நாடுகளில் 39.8 விழுக்காட்டினரும், நடுத்தர வருமான நாடுகளில் 20.4 விழுக்காட்டினரும், பணக்கார நாடுகளில் 5.6 விழுக்காட்டினரும் இறந்தார்கள். இவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் மட்டுமே.

கேள்வி: தொப்புள் பிதுங்கியிருக்கிறது. காசு வைத்துக் கட்டலாமா? (தேனி)

பதில்: வேண்டாம், தோல் புண்ணாகும். பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். பிதுக்கம் தொடையிடுக்கில் இருந்தால் அது வேறு, காத்திருக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை விட்டு விட்டுக் காலை மடக்கி அழுகிறது, மலத்தில் ரத்தம். குடல் தட்டுபவரிடம் போகலாமா? (விழுப்புரம்)

பதில்: போகாதீர்கள். குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். நேரத்தோடு வந்தால் காற்றையோ நீரையோ ஆசனவாய் வழியே செலுத்தி, அறுவை இல்லாமலே பெரும்பாலும் சரிசெய்யலாம். இப்போதே கிளம்புங்கள்.

கேள்வி: டான்சில் வீக்கத்துக்கு அறுவை தேவையா? (ஈரோடு)

பதில்: காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கேளுங்கள்.

மீண்டும் கொல்லிமலைச் செவிலியர்: வயிற்றுச் சுவர் துளையோடு பிறந்தால் ஈரத் துணி கூடாது என்றால் எதில் வைப்பது? எங்களிடம் தனிப் பை எதுவும் இல்லை.

பதில்: சுத்தமான, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் பை ஒன்று போதும். கால்களையும் குடலையும் சேர்த்து அதற்குள் விட்டு, அக்குள் வரை இழுத்து, வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். அதன் மேல் உலர்ந்த கம்பளி. வழியில் குடலின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அது கறுக்காமல் இருக்க, குடல் மடங்கித் தொங்காதபடி குழந்தையைத் தொடக்கத்திலிருந்தே வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.