பள்ளி நூலகரும் பாடத்திட்டமும்: அமெரிக்க அனுபவம் குறித்த கேள்வி பதில்

நூலக அறிவியல் மாணவி: அமெரிக்காவில் பள்ளி நூலகரைத் ‘தலைவர்’ என்றும் ‘கற்பித்தல் பங்காளி’ என்றும் அழைக்கிறார்களே, இது வெறும் அலங்காரப் பெயரா?

பதில்: இல்லை. அமெரிக்கப் பள்ளி நூலகர் சங்கம் 1998-இல் வெளியிட்ட வழிகாட்டியிலேயே ஆசிரியர், கற்பித்தல் பங்காளி, தகவல் வல்லுநர், நூலகத் திட்ட நிருவாகி என்ற நான்கு பொறுப்புகளும் இருந்தன. ‘தலைவர்’ என்பது 2009-இல் சேர்ந்தது. தலைமையை ஆணையால் தந்துவிட முடியாது. பங்காளியாக நன்றாகச் செயல்பட்ட நூலகரையே மற்ற ஆசிரியர்கள் பின்னர்க் கலந்தாலோசிக்கிறார்கள் என்பது என் கருத்து.

வரலாற்று ஆசிரியர்: சரி, வகுப்பில் அந்தப் பங்காளி என்னதான் செய்வார்?

பதில்: எட்டாம் வகுப்பில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். பாடம் தொடங்குவதற்கு முன்பே இருவரும் அமர்ந்து, தொழிற்புரட்சியின் பொருளாதாரப் பின்னணியை ஆசிரியரும் சான்றுகளைத் தேடிப் படிக்கும் முறையை நூலகரும் நடத்துவதென்று பிரித்துக்கொள்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் எடுத்தவை உட்பட 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றைத் திரையில் காட்டும் நூலகர், நூற்பாலைச் சிறுமியின் முகத்தோடு நின்றுவிடாமல், படத்தின் கீழ் ஹைன் எழுதிய குறிப்பைப் படிக்கச் சொல்லி, இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்கிறார். குழந்தை உழைப்பை ஒழிக்கப் போராடிய குழுவே பணம் கொடுத்தது என்று தெரிந்ததும், ‘அப்படியானால் படம் பொய்யா?’ என்று எவராவது கேட்பார். அன்றைய உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. கட்டுரைகளையும் இருவரும் சேர்ந்தே மதிப்பிடுகிறார்கள். ‘இந்தத் தலைப்பில் இருபது புத்தகம் எடுத்து வையுங்கள்’ என்று முதல் நாள் மாலையில் சொல்லி அனுப்புவது இதில் சேராது.

தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்: எங்கள் நூலகருக்கு வாரம் முழுவதும் வகுப்புகள் உள்ளன. அதற்குமேல் என்ன செய்ய முடியும்?

பதில்: சிக்கலே அந்தக் கால அட்டவணைதான். பல தொடக்கப்பள்ளிகளில் வகுப்பாசிரியருக்குப் பாடத் தயாரிப்பு நேரம் தருவதற்காகவே மாணவர்களை நூலகத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் நூலகத்தில் இல்லாதபோது சேர்ந்து கற்பிப்பது எப்படி நடக்கும்? பாடத்தின் தேவைக்கேற்ப வகுப்புகள் வந்துபோகும் நெகிழ்வான அட்டவணையையே சங்கம் நெடுங்காலமாக வலியுறுத்துகிறது. ஒரேயடியாக மாற்ற முடியாவிட்டால், சிறு வகுப்புகளுக்கு நிலையான நேரத்தை வைத்துக்கொண்டு மேல் வகுப்புகளுக்கு மட்டுமாவது நெகிழ்வு கொடுங்கள். இது தலைமையாசிரியரின் கையில்தான் இருக்கிறது. நூலகரின் ஆர்வத்தை மட்டும் நம்பிப் பயனில்லை.

புதிதாகப் பணியேற்ற நூலகர்: ஆசிரியர்கள் யாரும் என்னை அழைப்பதில்லை.

பதில்: அழைப்புக்குக் காத்திராமல், ஒரு பாடப்பிரிவின் ஆசிரியர் கூட்டத்துக்குச் சென்று அமருங்கள். ‘எதுவாயினும் உதவுகிறேன்’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ‘அடுத்த மாதப் பாடத்தில் சான்று தேடும் இரண்டு வகுப்புகளை நான் எடுக்கிறேன்’ என்று சொன்னால் ஒருவராவது ஒப்புக்கொள்வார்.

பெற்றோர் ஒருவர்: இதனால் மதிப்பெண் கூடுமா?

பதில்: நூலக ஆய்வாளர் கீத் கரி லான்ஸ் குழுவினர் 1993-இல் கொலராடோ மாநிலத்தில் வெளியிட்ட ஆய்வு, வலுவான நூலகங்கள் உள்ள பள்ளிகளில், குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும், வாசிப்புத் தேர்வு மதிப்பெண் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. அது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, நூலகரே காரணம் என்று நிறுவிவிடவில்லை.

மற்றொரு பெற்றோர்: அப்படியிருந்தும் நூலகங்களை மூடுகிறார்களே?

பதில்: உண்மைதான். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் பள்ளி மாவட்டத்தில் 2023-இல் பல பள்ளிகளில் நூலகர் பணியிடங்களை நீக்கினார்கள். பள்ளிதோறும் நூலகர் இருந்தாக வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. எனவே சேர்ந்து நடத்திய பாடங்களையும் மாணவர் எழுதியவற்றையும் நூலகர் ஆண்டுதோறும் தொகுத்துக் கல்விக் குழுவின் முன் வைக்க வேண்டும். எத்தனை நூல் இரவல் போயிற்று என்ற கணக்கு மட்டும் அங்கே எடுபடாது.