டிபிடி சிகிச்சை தர, படித்த மனநல மருத்துவருக்கே தனிப் பயிற்சி எதற்கு?

உணர்ச்சி சட்டென்று கொதித்து, அடங்க வெகுநேரம் ஆகிறவர்களுக்கும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் அடிக்கடி வருகிறவர்களுக்கும் தருகிற பேச்சு சிகிச்சைதான் டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி). உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான். வழிகாட்டி நூல் 1993-இல் வந்தது.

இதில் ஒரே நேரத்தில் இரண்டு வேலை. "உங்க வேதனை நியாயம்தான்" என்று ஏற்கவும் வேண்டும், "இதை மாத்தியாகணும்" என்று தள்ளவும் வேண்டும். தொப்பூர் கணவாயில் லோடு லாரி இறக்குவது மாதிரி. பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறிப் பிடிக்காது, விட்டாலோ வண்டி நம் கையில் இல்லை. புத்தகம் படித்து இது வராது, பக்கத்தில் அனுபவசாலி உட்கார வேண்டும்.

அதனால் பயிற்சியில் ஒருவர் நோயாளியாக நடிப்பார். ராத்திரி போன்: "தாங்க முடியல டாக்டர்." அறிவுரையை ஆரம்பித்தால் காரியம் கெட்டது. மருத்துவர் சொல்ல வேண்டியது: "சரி, ஜில் தண்ணியில முகத்தை வைங்க, நான் லைன்லயே இருக்கேன்." முகத்தில் குளிர் பட்டால் இதயத்துடிப்பு தணியும். (இதய நோய் உண்டா என்று முன்பே கேட்டிருக்க வேண்டும்.)

அப்புறம், சிகிச்சையாளர்கள் வாராவாரம் கூடிப் பேசுவதும் சிகிச்சையின் பகுதியே. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தனியாகப் பார்க்கும் மருத்துவர்களுக்கு இது மிக அவசியம் என்பேன்.

உணர்ச்சியை அடக்கிவைக்கச் சொல்வதுதான் டிபிடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உணர்ச்சி வந்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் பழக்குகிறது.