சிடிஐ பெட்டிக்குக் காசு கொடுக்க முன்

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து தினமும் மட்டக்களப்பு டவுனுக்கு 100 சிசி பைக்கில் போய்வருகிறேன். ஆரையம்பதி வரும்போது திடீரென்று நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் நிழலில் விட்டால் பழையபடி ஓடும். கராஜில் "சிடிஐ போயிட்டு, மாத்துங்க" என்கிறார்கள். எலக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சிடிஐ என்பது பிளக்கில் ஸ்பார்க் (தீப்பொறி) அடிக்கவைக்கும் மின் பெட்டி. சூட்டில் நின்று, ஆறினதும் ஓடுகிற வருத்தத்துக்கு சிடிஐயைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் சில சல்லிக்காசு செலவில்லாதவை.

முதலில் பெற்றோல் டாங்கி மூடி. அதிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால், பெற்றோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்று இறங்காது. காபுரேற்றருக்கு பெற்றோல் வருவது நின்றுவிடும். அடுத்த முறை நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து மூடிவிட்டு, சற்றுப் பொறுத்து உதையுங்கள். பிடித்துக்கொண்டால் துவாரத்தைத் துப்புரவாக்கினால் போதும்.

பிடிக்காவிட்டால் ஸ்பார்க் பார்க்க வேண்டும். அதையும் நின்ற அந்த நிமிடத்திலேயே பார்க்க வேண்டும். ஆறின பைக்கைக் கராஜுக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். பையில் ஒரு புதுப் பிளக் வைத்திருங்கள். எஞ்சினிலுள்ள பிளக்கைக் கழற்றாமல் அதன் தலையில் வயரோடு மாட்டியிருக்கும் கப்பை மட்டும் உருவி, புதுப் பிளக்கில் மாட்டி, அதன் இரும்பு உடலை எஞ்சினின் பெயின்ற் இல்லாத இரும்பில் படவைத்து உதையுங்கள். (பழைய பிளக்கைக் கழற்றி அதன் துவாரம் திறந்திருந்தால் வெளிவரும் பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ளும். புதுப் பிளக் இரும்பில் படாமல் உதைத்தாலோ ஸ்பார்க் கொயிலும் (பிளக் வயருக்கு உயர் வோல்ற் கொடுப்பது) சிடிஐயும் அடிவாங்கும்.) நீலமாக, பளிச்சென்று அடித்தால் பழைய பிளக்கை மாற்றிப் பாருங்கள், அதற்கும் ஓடாவிட்டால் கோளாறு பெற்றோல் பக்கமோ வால்வு இடைவெளியிலோ இருக்கிறது.

ஸ்பார்க்கே இல்லையா? நான் முதலில் சந்தேகப்படுவது பிக்கப் கொயிலை, அதாவது எப்போது ஸ்பார்க் அடிக்க வேண்டுமென்று சிடிஐக்குச் சொல்லும் சிறு கம்பிச் சுருளை. மெக்னெட் (எஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் பாகம்) மூடிக்குள், எஞ்சின் சூட்டிலேயே கிடப்பது அது. தலைமயிர் போன்ற செம்புக் கம்பி எங்காவது விட்டிருந்தால், சூட்டில் விரியும்போது முனைகள் விலகும், ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். கனெக்டரைக் கழற்றி மீற்றரில் அளந்தால் பல சிறிய பைக்குகளில் 100 முதல் 300 ஓம் வரை காட்டும். உங்கள் மொடலுக்குரிய அளவு சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும். காலையில் 200 காட்டியது, நின்றவுடன் ஒன்றுமே காட்டாவிட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார். ஸ்பார்க் கொயிலையும் இதேபோல் சூட்டோடு அளந்து பாருங்கள்.

சிடிஐயை மீற்றர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே மொடல் பைக்கிலிருந்து நல்லதொன்றை இரவல் வாங்கிப் போட்டு, அதே தூரம் ஓடிப் பாருங்கள். கராஜ் வாசலில் ஐந்து நிமிடம் ஓடவிடுவது சோதனையே அல்ல.

உண்மையிலேயே அதுதான் பழுதென்றால், பழையதைக் கையில் கொண்டுபோய் இலக்கத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். மெக்னெட் கரண்டில் ஓடுவது, பற்றரியில் ஓடுவது என்று இரண்டு வகை உண்டு. கனெக்டர் பொருந்தினாலும் ஒன்றுக்கு மற்றது உதவாது. பற்றரி வகையென்றால், மாட்ட முன் எஞ்சினை முறுக்கி, பற்றரி முனையில் வோல்ற் பாருங்கள். 15ஐத் தாண்டினால், வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது. அது புதியதையும் தின்றுவிடும்.

பில்லில் இலக்கமும் திகதியும் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. பழுதான சாமானைத் தந்துவிட்டு மாற்றித்தர மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கி 3 மாதத்துக்குள், எழுத்தில் முறையிடலாம். விவரம் கேட்க 1977. ஆனால் நல்ல சிடிஐயைத் தேவையில்லாமல் வாங்கியவருக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது.

கேள்வி: அக்கரைப்பற்றில் கடற்கரையோரம் வீடு. மாரி தொடங்கினால் காலையில் ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகாது. வெயில் ஏறினால் சரி.

பதில்: உப்புக்காற்றும் ஈரமும். இரவில் லைற்றை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். பிளக் வயரிலோ கப்பிலோ நீலப்பொறி ஓடினால் வெடிப்பு அங்கே. கப் திருகிக் கழற்றும் வகையென்றால் வயர் நுனியில் பச்சை பிடித்த அரை சென்ரிமீற்றரை வெட்டிவிட்டுப் புதுக் கப் போடுங்கள். கனெக்டர்களிலும் அதே பச்சை இருக்கும். கொன்ராக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டுங்கள்.