வீட்டுத்தோட்டத்தில் கீரை: கேள்வி பதில்

கேள்வி (மார்த்தாண்டம்): ஐயா, 'ஸ்பினாச்' என்று அச்சிட்ட விதையை மார்ச் மாதம் போட்டேன். நான்கைந்து இலை விட்டதுமே பூத்துவிட்டது. இதுவும் பாலக்கீரையும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. நம் சந்தைக்குப் பாலக் என்று வருவது பெரும்பாலும் பீட்ரூட் இனத்து இலைக்கீரை. தாங்கள் விதைத்தது குளிர்நாட்டுச் செடியாக இருக்கலாம். இரவிலும் புழுக்கம் தணியாத நம் சமவெளியில் அது இலையைப் பெருக்காமல் சீக்கிரமே பூவுக்குப் போய்விடும், எந்த உரமும் அதைத் தடுக்காது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் பாலக்கையே விதையுங்கள். விதையை ஓர் இரவு ஊறவைப்பது நல்லது. நாம் விதை என்று எடுப்பது பல விதைகள் ஒட்டிய கொத்து என்பதால் ஓரிடத்தில் இரண்டு மூன்று நாற்று எழும். திடமான ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (குலசேகரம்): எங்களுடையது செம்மண். சாணம் தாராளமாக இடுகிறோம். ஆனாலும் பாலக் மஞ்சளித்து, விரல் நீளத்திலேயே நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: குறை பெரும்பாலும் சாணத்தில் இல்லை, மண்ணின் புளிப்பில் இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம் கன்னியாகுமரி; அத்தனை மழை மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டுபோவதால் மண் அமிலத்தன்மை அடைகிறது. தண்டுக்கீரை அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், பாலக் பொறுக்காது. அதற்குக் கார அமில நிலை (pH) 6.5 முதல் 7 வரை வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, புளிப்பு உறுதியானால், சென்ட்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ நீற்றுச் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்தே சாண உரம் இடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் சாணத்தின் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை நாம் காசு கொடுத்து வாங்கிய உரம்தான்.

கேள்வி (கருங்கல்): மழை தொடங்கினால் சிவப்புக் கீரையின் இலைகளில் வெளிறிய திட்டுகள் விழுந்து, பிறகு ஓட்டையாகின்றன. மருந்து உண்டா?

பதில்: இது பூஞ்சையால் வரும் இலைக்கருகல். மண்ணிலிருந்து தெறிக்கும் நீர்த்துளியோடு அது இலைக்கு ஏறுகிறது. ஆகையால் பூவாளியால் மேலிருந்து ஊற்றாமல் வேரடியில் நீர் விடுங்கள். பச்சை நிறக் 'கோ 1' இரகம் இந்நோயைத் தாங்கும் என்பதால், மழைக்காலத்தில் அதையே விதைப்பதோ சிவப்போடு கலந்து விதைப்பதோ நலம். ஒரு கிலோ பசுஞ்சாணத்தைப் பத்து லிட்டர் நீரில் கரைத்துத் தெளிந்த மேல்நீரைத் தெளிப்பதும் பயன் தரும். தெளித்தபின் சில நாள் விட்டுப் பறித்து, நன்றாக அலசிச் சமைக்க வேண்டும்.

கேள்வி (மணவாளக்குறிச்சி): மணற்பாங்கான நிலம். விதைத்த மறுநாளே எறும்பு விதையை இழுத்துப் போய்விடுகிறது.

பதில்: விதையோடு பத்துப் பங்கு மணலும் ஒரு பிடி ரவையும் கலந்து தூவுங்கள், எறும்பு ரவையை எடுத்துக்கொண்டிருக்கும்போதே விதை முளைத்துவிடும். மணலில் ஈரம் நில்லாதாகையால், மக்கிய தென்னைநார்க் கழிவை முன்கூட்டியே கலந்துவிடுங்கள்.