ஒலி மேடை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: அண்ணாச்சி, அப்பாவின் பழைய மிக்சரைக் கொடுத்துவிட்டுப் பங்குனியில் 16 சேனல் டிஜிட்டல் மிக்சர் வாங்கினேன். சித்திரையில் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு. பாடும் புலவரின் மைக்கில், உரத்த சத்தத்தை அமுக்கும் கம்ப்ரஸரைப் போட்டேன்: த்ரெஷோல்டு மைனஸ் 35, ரேஷியோ 8, அட்டாக் 1 மில்லி விநாடி, மேக்கப் கெய்ன் 10. சத்தம் சீராக வந்தது. ஆனால் புலவர், “கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கிறது” என்றார். அவர் பாட்டை நிறுத்தினால் மைக் கூவுகிறது. என்ன தவறு?
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: புலவர் சொன்னது அப்படியே உண்மை, தம்பி. அவர் கதை சொல்லும்போது மீட்டர் மைனஸ் 20இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாமி வரும் கட்டத்தில் குரல் ஏறி மைனஸ் 8ஐத் தொடும். நடுவே 12 டெசிபல் ஏற்றம். த்ரெஷோல்டு என்பது அமுக்கத் தொடங்கும் அளவு; ரேஷியோ 8 என்பதால், அதற்கு மேலே வருவதில் எட்டில் ஒரு பங்கைத்தான் உங்கள் கம்ப்ரஸர் வெளியே விடுகிறது. அதனால் அந்த 12 டெசிபல் ஒன்றரையாகிவிட்டது. நீங்கள் சீர் என்று கேட்டது இதைத்தான். கொடைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சனம் காத்திருப்பதே அந்த ஏற்றத்துக்கு.

த்ரெஷோல்டை மைனஸ் 14க்கு ஏற்றுங்கள். ரேஷியோ 3 போதும். இப்போது கதை சொல்லும் குரலைக் கம்ப்ரஸர் தொடவே தொடாது. உச்சத்தில் மட்டும் 4 டெசிபல் குறைக்கும். ஏற்றத்தில் 8 டெசிபல் மிஞ்சும். இந்த எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆளுக்கு ஆள் குரல் வேறு. புலவரைக் கதையின் உச்ச இடத்தைப் பாடச் சொல்லி, எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் கெய்ன் ரிடக்‌ஷன் மீட்டரைப் பாருங்கள். உரக்கப் பாடும்போது மூன்று நான்கு டெசிபல் அசைய வேண்டும். சாதாரணமாகப் பேசும்போது அசையவே கூடாது.

அட்டாக் என்பது கம்ப்ரஸர் அமுக்க எடுத்துக்கொள்ளும் நேரம். அது 1 மில்லி விநாடி என்றால் வல்லின எழுத்துகள் போய்விடும். ‘சுடலை’யில் வரும் ‘ட’ முளைக்கும்போதே அமுங்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சொல் தெளியாது. 20 மில்லி விநாடி கொடுங்கள், எழுத்து தப்பிவிடும். பிடியை விட எடுக்கும் நேரமான ரிலீஸ் 150 மில்லி விநாடி அளவில் இருக்கட்டும்.

மைக் கூவுவதற்குக் காரணம், அமுக்கியதை ஈடுகட்டச் சத்தத்தைக் கூட்டும் மேக்கப் கெய்ன். புலவர் வாயை மூடியதும் கம்ப்ரஸர் பிடியை விட்டுவிடுகிறது; நீங்கள் கூட்டிய 10 டெசிபல் முழுசாக மைக்கில் நிற்கிறது. ஸ்பீக்கர் சத்தம் மட்டுமா, பக்கத்தில் இருக்கும் குடமும் வில்லில் கட்டிய மணிகளும் அந்த இடைவெளியில் வீங்கிக்கொண்டு எழும். மேக்கப்பைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ‘லோ கட்’ அமைப்பை 120 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். இல்லாவிட்டால் குடத்தின் ஒவ்வொரு அடிக்கும் பாட்டு ஒரு முறை பதுங்கும்.

இன்னும் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். புலவர் தன் குரலைக் கேட்க முன்னால் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் கம்ப்ரஸருக்கு முன்னால் இருந்து போகிறதா, பின்னால் இருந்தா? பல ஆண்டுகளுக்கு முன் தாமிரபரணிக் கரையில் ஒரு கொடையில் நானே இதைக் கவனிக்காமல் விட்டேன். நடுச்சாமம். உடுக்கை வேகமெடுத்தது, சாமியாடி எழுந்து நின்றுவிட்டார். புலவர் குரலை ஏற்ற ஏற்ற, மானிட்டரில் அது ஏறவே இல்லை. தொண்டையை இன்னும் முறுக்கினார். இரண்டு மணிக்கு என்னிடம் வெந்நீர் வாங்கிக் குடித்துவிட்டு, “தம்பி, இன்றைக்கு என் சத்தம் எனக்கே வரவில்லை” என்றார். விடியும்போது அவருக்குப் பேச்சே இல்லை. அதன்பிறகு எந்தப் பாடகரின் மானிட்டருக்கும் நான் கம்ப்ரஸர் வழியாகச் சத்தம் அனுப்பியதில்லை. உங்கள் மிக்சரில் மானிட்டருக்குச் சத்தம் போகும் அந்த வழிக்கு (பஸ்) ‘முன்’, ‘பின்’ என்று தேர்வு இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல்கருவிக்கு மைக் வைத்தால் கரகரக்கிறது. கம்ப்ரஸர் போட்டும் போகவில்லையே?
– வாசகர், களக்காடு

பதில்: போகாது. மிக்சருக்குள் சத்தம் எண்ணாக மாறும் வாசலிலேயே நிரம்பி வெட்டுப்பட்டுவிடுகிறது. கம்ப்ரஸர் அதற்கு அப்புறம்தான் வருகிறது. வெட்டுப்பட்டதை அது ஒட்டவைக்காது. சேனலின் மேலே உள்ள கெய்னைக் குறையுங்கள், பலத்த அடி மைனஸ் 10ஐத் தாண்டக் கூடாது. மகுடத்தைத் தீயில் காய்ச்சி எடுத்த உடனே இதைச் சரிபாருங்கள். தோல் விறைத்து அடி கூர்மையாக விழுவது அப்போதுதான். காய்ச்சுவதற்கு முன் பார்த்து வைத்த அளவு உதவாது.