பலகையில் ரஷ்ய எழுத்து. பிடி எங்கே இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு தாய்): என் மகன் மருத்துவம் படிக்கக் கிர்கிஸ்தான் நாட்டின் பிஷ்கெக் நகருக்குப் போயிருக்கிறான். அவன் அனுப்பும் படங்களில் கடைப்பலகை முதல் மருந்துச்சீட்டு வரை எல்லாம் ரஷ்ய எழுத்தாகவே இருக்கிறது. அது தனி நாடுதானா, இன்னும் ரஷ்யாவின் பிடியில் இருக்கிறதா?

பதில்: தனி நாடுதான் அம்மா. 1991 ஆகஸ்ட் 31 அன்று சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலையை அறிவித்த நாடு. ரஷ்யாவின் பிடியும் இருக்கிறது. ஆனால் அதைப் பலகையில் தேடினால் கிடைக்காது. வேலூர் பாபுராவ் தெருப் பக்கம் வந்து பாருங்கள்: சிகிச்சைக்கு வரும் வங்காளக் குடும்பங்களுக்காக விடுதி, மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என்று வரிசையாக வங்க எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. அதைப் பார்த்து வேலூரைக் கொல்கத்தா ஆள்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் மகன் காணும் எழுத்தெல்லாம் ரஷ்ய மொழி அன்று. கிர்கிஸ் மொழியும் அதே சிரிலிக் எழுத்தில்தான் எழுதப்படுகிறது. ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளோடு தன் ஒலிகளுக்காக 3 எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அவற்றுள் ஒன்று, நடுவே குறுக்குக் கோடு போட்ட வட்டம். அந்த எழுத்து தென்படும் பலகை ரஷ்ய மொழிப் பலகையாக இருக்க முடியாது என்று மகனிடம் சொல்லுங்கள்.

உண்மையான பிடி சம்பளத்திலும் எரிபொருளிலும் படைத்தளத்திலும் இருக்கிறது. லட்சக்கணக்கான கிர்கிஸ் மக்கள் மாஸ்கோ முதலான ரஷ்ய நகரங்களில் கட்டட வேலையிலும் கடைகளிலும் உழைக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் சில ஆண்டுகளில் நாட்டின் மொத்த உற்பத்தியில் நான்கில் ஒரு பங்கையும் தாண்டியிருக்கிறது. வளைகுடாவில் விசா விதி மாறினால் பேரணாம்பட்டு வீடுகளில் தூக்கம் கெடுவதை நாம் அறிவோம். அங்கே ஒரு நாடே அப்படித்தான் மாஸ்கோவின் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறது. 2015-இல் கிர்கிஸ்தான் ரஷ்யா முன்னின்று நடத்தும் யுரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்ததற்கு, தன் தொழிலாளர்கள் தனி அனுமதியின்றி ரஷ்யாவில் வேலை பார்க்கலாம் என்பது முக்கியமான காரணம். அதற்கு முந்தைய ஆண்டு, கடனில் மூழ்கியிருந்த நாட்டின் எரிவாயு நிறுவனத்தை ரஷ்யாவின் காஸ்ப்ரோம் 1 டாலர் விலைக்கு வாங்கி, கடனையும் ஏற்றுக்கொண்டது.

இந்தப் பிடி எவ்வாறு இறுகும் என்பதற்கு 2010-ஐப் பாருங்கள். தலைநகர் பிஷ்கெக்குக்கு அருகே மனாஸ் விமான நிலையத்தில் 2001 முதல் அமெரிக்கப் படை இருந்தது. கான்ட் என்னும் ஊரில் 2003-இல் ரஷ்யத் தளம் திறக்கப்பட்டது. 2009 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் பாக்கியெவ் மாஸ்கோவில் 200 கோடி டாலர் கடனுக்கான உறுதியைப் பெற்றுக்கொண்டு, அமெரிக்கத் தளத்தை மூடுவதாக அறிவித்தார். சில மாதங்களில் அமெரிக்கா ஆண்டு வாடகையைச் சுமார் 1.7 கோடி டாலரிலிருந்து 6 கோடியாக உயர்த்தவே, தளத்தின் பெயரை மட்டும் மாற்றி இருக்க விட்டுவிட்டார். ரஷ்யத் தொலைக்காட்சிகள் அவர் குடும்பத்தின் ஊழலைப் பற்றி இடைவிடாமல் பேசத் தொடங்கின. 2010 ஏப்ரல் 1 அன்று கிர்கிஸ்தானுக்குச் செல்லும் எரிபொருள் மீது ரஷ்யா ஏற்றுமதி வரி விதித்தது. ஏப்ரல் 7 அன்று மக்கள் எழுச்சியில் பாக்கியெவ் ஆட்சி வீழ்ந்தது. மின்கட்டண உயர்வும் அடக்குமுறையும் குடும்ப ஆட்சியும் மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. மாஸ்கோ ஒன்றுமில்லாததிலிருந்து அந்தக் கோபத்தை உண்டாக்கிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், இல்லையேல் அந்த மக்களுக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம். அமெரிக்கத் தளம் 2014-இல் மூடப்பட்டது. கான்ட் தளம் இன்றும் இருக்கிறது.

மகன் எந்த மொழியைக் கற்பது என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். நகர மருத்துவமனைகளில் ரஷ்ய மொழி போதும். மலைக்கிராமத்திலிருந்து வரும் மூதாட்டிக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்கக் கிர்கிஸ் வேண்டும். இரண்டையும் கற்கட்டும்.

கேள்வி (ராணிப்பேட்டை வாசகர்): உஸ்பெகிஸ்தானும் கசகஸ்தானும் லத்தீன் எழுத்துக்கு மாற முடிவெடுத்தபோது, கிர்கிஸ்தான் ஏன் மாறவில்லை?

பதில்: இரண்டு முறை மாறிப் பட்ட அனுபவம் உண்டு. 1920-களின் இறுதியில் அரபு எழுத்திலிருந்து லத்தீனுக்கும், 1940 வாக்கில் லத்தீனிலிருந்து சிரிலிக்குக்கும் சோவியத் அரசு அம்மொழியை மாற்றியது. தாத்தா எழுதியதைப் பேரன் வாசிக்க முடியாத நிலை ஒரே தலைமுறைக்குள் இரண்டு முறை வந்தது. 2023-இல் லத்தீனுக்கு மாறும் பேச்சு மீண்டும் எழுந்தபோது, இதற்கு இன்னும் காலம் வரவில்லை என்று குடியரசுத் தலைவர் ஜபாரவ் தடுத்துவிட்டார். எனினும் அதே ஆண்டில், அரசுப் பணியாளர்களுக்குக் கிர்கிஸ் மொழியறிவைக் கட்டாயமாக்கும் சட்டத்தில் அவர்தான் கையெழுத்திட்டார்.

கேள்வி (ஆரணி வாசகர்): பள்ளி நாட்களில் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ படித்து அழுதவன் நான். ரஷ்ய மொழியிலும் எழுதிய அவரைக் கிர்கிஸ் எழுத்தாளர் என்பது பொருந்துமா?

பதில்: பொருந்தும். மாஸ்கோவில் அச்சாகி நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சிகளில் மலிவு விலைக்குக் கிடைத்த அந்தத் தமிழ்ப் புத்தகங்கள் வழியாகத்தான் நாம் அவரை அறிந்தோம்; என்னுடைய பிரதியும் வேலூரில் அப்படி வாங்கியதுதான். அவர் முதலில் கிர்கிஸ் மொழியில் எழுதினார். 1960-களின் நடுவிலிருந்து பெரும்பாலும் ரஷ்ய மொழியில் எழுதினார். தன் நினைவை இழந்து எசமானுக்கு உழைக்கும் அடிமையைக் குறிக்க அவர் நாவலில் வரும் ‘மன்குர்த்’ என்ற சொல், தாய்மொழியை மறந்தவரைச் சுட்ட இன்று அங்கே மக்கள் வாயில் வழங்குகிறது. அந்த நாவலை அவர் எழுதியது ரஷ்ய மொழியில்.

நீங்கள் படித்து அழுத கதையில் கிராமத்துக்குப் பள்ளியைக் கொண்டுவந்த அதே சோவியத் ஆட்சிதான், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களுள் ஒருவராயிருந்த ஐத்மாத்தவின் தந்தை தோரோகுலை 1937-இல் கைது செய்து, 1938-இல் சுட்டுக் கொன்றது. ஐத்மாத்தவுக்கு அப்போது வயது பத்துக்குள். உடல் எங்கே என்று குடும்பத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தெரியவில்லை. புதைத்த இடத்தை அறிந்திருந்த காவலாளி ஒருவர் சாகும் முன் தன் மகளிடம் சொல்லிவைத்தார். அந்த மகள் இரகசியத்தைக் காத்து, சோவியத் ஆட்சி முடியும் தறுவாயில் வெளியிட்டார். 1991-இல் தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. தோரோகுலை அடையாளம் காட்டியது, அங்கே மக்காமல் கிடந்த அவருடைய குற்றப்பத்திரிகை.

அந்த இடம் இன்று அத்தா-பெயித் நினைவிடம். பெயருக்குத் தந்தையரின் கல்லறை என்று பொருள். ஜார் ஆட்சிக்கு எதிரான 1916 கிளர்ச்சியில் இறந்தவர்களுக்கும், 2010 ஏப்ரலில் சுடப்பட்ட இளைஞர்களுக்கும் அங்கேயே நினைவுச்சின்னங்கள் உள்ளன. 2008-இல் ஐத்மாத்தவையும் அங்கே அடக்கம் செய்தார்கள். குடியாத்தம் அம்மாவின் மகன் தங்கியிருக்கும் பிஷ்கெக்கிலிருந்து அது 30 கிலோமீட்டருக்குள்தான். ஒரு விடுமுறை நாளில் அவர் போய்வரலாம்.