‘தி ஆபீஸ்’ இரண்டாம் சீசன் முடிவு ரசிகர்களை ஏன் அவ்வளவு தவிக்கவைத்தது?

கிருஷ்ணகிரியில் சீசன் என்றால் மாம்பழம்தான். நான் கணக்கு எழுதும் மாங்கூழ் தொழிற்சாலையிலும் அப்படியே. ஆனாலும் மதிய உணவு வேளைகளில் நாங்கள் மூவர் ஒரே கைப்பேசியில் பார்த்து முடித்த அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் சீசன் இது. அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

2006 மே 11 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான அந்தக் கடைசிப் பகுதியை எழுதியவர், மேலாளர் மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரெல். காகித நிறுவனத்தின் கிடங்கில் சூதாட்ட விருந்து. வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில், கிடங்கு ஊழியர் ராயுடன் நிச்சயமான வரவேற்பாளர் பேமிடம், விற்பனைப் பிரிவு ஜிம் தன் காதலைச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள். பிறகு அலுவலகத்துக்குள் ஒரு முத்தம். அத்தோடு சீசன் முடிந்துவிடுகிறது!

அடுத்த சீசன் தொடங்கியது செப்டம்பர் 21-இல். நான்கு மாதத்துக்கும் மேலான காத்திருப்பு அது. போதாக்குறைக்கு, இந்தத் தொடரில் பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. ஆவணப்படம்போலக் கேமரா ஒதுங்கி நின்று பார்க்கும். பக்கத்து மேசைக்காரர்களின் அந்தரங்கத்தை ஒட்டுக்கேட்டுவிட்ட கூச்சம் நமக்கே வந்துவிடும்.

எங்களுக்குள்ளும் பிளவுதான். “நிச்சயமான பெண்ணிடம் இப்படிப் பேசுவது எந்த ஊர் நியாயம், தம்பி?” என்றார் ஸ்டோர் அக்கா. “தாலி கட்டுவதற்கு முன்பே சொன்னானே, அக்கா” என்றான் எடைமேடைத் தம்பி. கல்யாணத் தேதியை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த ராய்மீது எனக்கு இரக்கமே வரவில்லை.

மாங்காய் லாரிகள் வரிசைகட்டியதால் மூன்றாம் சீசனை ஆடி வரை தொடவில்லை. அக்கா மட்டும் வீட்டில் பார்த்துவிட்டார். கேட்டால் சொல்ல மறுக்கிறார்.